எரிகோ வீதியும் மாவடிப்பள்ளி வீதியும்

‘இயேசுநாதர் இன்றிருப்பாராயின் எந்த மோட்டார் வண்டியைச் செலுத்துவார்?’ என்றொரு வினா 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுப்பப்பட்டது. எழுப்பியவர்கள் நாத்திகரல்லர், மதத்தைப் பரிகசிக்கப் புறப்பட்டவர்களுமல்லர். சுவிசேஷ சபைகளைச் சார்ந்த சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவராயிருந்த ஜிம் போல் என்னும் போதகரும் அவரைச் சேர்ந்தோருமே இவ்வினாவை ஓர் இயக்கமாக நடத்தினர். மோட்டார்த் தொழிலின் தலைநகரான டிட்ரோயிற்றுக்குச் சென்று, எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் வண்டிகளைச் செய்யுமாறு பெரிய உற்பத்தியாளரிடம் கோரினர். அடுத்த ஆண்டில் அப்போதகர் பெற்றோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் வண்டியொன்றில் தென் மாநிலங்களூடாகப் பிரசாரப் பயணம் செய்தார். இங்கிலாந்திலோ, 2006இல் இலண்டன் பேராயர் றிச்சட் சாட்டர்ஸ், விடுமுறையைக் கழிக்க விமானமேறிப் பறப்பதும் பெரிய கார் வாங்குவதும் பாவத்தின் அறிகுறிகளே என்ற பொருள்படப் பேசினார். பின்னர், தவக்காலத்தில் புலாலை ஒறுப்பது போலக் காபனை ஒறுக்கும் ‘காபன் நோன்பு’ என்ற வழக்கமும் அந்நாட்டுச் சபைகளிற் பரவியது.

இவ்வாறு கிறிஸ்தவ விசுவாசத்தையும் மனிதர் போக்குவரத்துச் செய்யும் முறையையும் இணைத்துப் பேசும் ஓர் இலக்கியமே இன்று தோன்றியுள்ளது. பிரசங்கங்கள், மேய்ப்புப் பணி மடல்கள், வழிபாட்டுக் குறிப்புகள், நூல்கள் என அது விரிந்து கிடக்கின்றது. அதன் சிகரமெனக் கொள்ளத்தக்கது, பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலாகும். இவ்விலக்கியம் கல்முனைக் கரையோரத்திலிருந்து வாசிக்கப்படும்போது என்ன பொருள் தருகின்றது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

முஸ்லிம் ஊர்கள் நிறைந்த கரையோரத்தில் கிறிஸ்தவ இலக்கியத்தை ஆராய்வானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கிறிஸ்தவர் இங்கு சிறுதொகையினர். ஆயினும் 1814இல் உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய நாள் முதல், இக்கரையோரத்தின் எழுத்தறிவிலே அச்சபைகளுக்குப் பங்குண்டு. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் சிறுவயதில் ஆங்கிலம் பயின்றது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலேதான். ஆகவே, அவர்களுடைய சொல் நமக்கு அந்நியமானதன்று. அன்றியும், டிட்ரோயிற்றில் உருவான வண்டிகள் கக்கிய புகைக்கும் நமது வயல்களில் ஏறும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பு மதம் பார்த்து அமைந்ததன்று.

முதலில் அந்த அமெரிக்க வினாவையே எடுத்துக்கொள்வோம். அதிலே ஒரு சொல் கேள்விக்குட்படாமல் நழுவி விடுகின்றது. இயேசுநாதர் ‘எந்த’ வண்டியை ஓட்டுவார் என்று கேட்பவன், அவரிடம் ஒரு வண்டி இருக்கும் என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டான். சுவிசேஷங்களிலோ அவர் பெரும்பாலும் நடந்தே திரிகின்றார். கடற்கரையிற் கூட்டம் நெருக்கியபோது சீமோனின் படகில் ஏறுகின்றார், அது இரவல். எருசலேமுக்குள் நுழைந்தபோது ஏறிய கழுதைக்குட்டியும் இரவலே. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியே அதனை அவிழ்த்து வரச் செய்கின்றார். சொந்த வாகனமற்ற ஒருவரைச் சொந்த வாகனக்காரருக்கு முன்மாதிரியாக நிறுத்த முயன்றதிலேதான் அவ்வியக்கத்தின் பலவீனம் இருந்தது. அது நேர்மையற்றதென்று நாம் கூறவில்லை. எந்தப் பண்டத்தை வாங்குவது என்ற கேள்வியே மனச்சாட்சியின் முதற் கேள்வியாகிவிட்ட ஒரு சமுதாயத்தின் நேர்மை அது. அங்கே மனந்திரும்புதல்கூட ஒரு கொள்வனவாகவே நடைபெற வேண்டியிருக்கின்றது.

இனி நமது கரையோரத்தைப் பார்ப்போம். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒரே வீதியில் மணிகள் போலக் கோவைப்பட்டுக் கிடக்கின்றன. ஓரூர் முடிவதும் மற்றது தொடங்குவதும் வெளியாருக்குத் தெரியாது. பள்ளிவாசலும் கோவிலும் சந்தையும் பாடசாலையும் வைத்தியசாலையும் பெரும்பாலும் நடை தூரத்தில் அல்லது சைக்கிள் தூரத்திலேயே உள. நிலமோ மேடு பள்ளமற்றது. சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற பூமி. புகையிரதம் 1920களின் பிற்பகுதியில் மட்டக்களப்பு வரை வந்தது; அங்கேயே நின்றுவிட்டது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான ஏறத்தாழ 100 கிலோமீற்றர் கரையோரத்துக்கு இன்றுவரை தண்டவாளம் கிடையாது. மருதமுனை நெசவாளியின் துணியும் சாய்ந்தமருது மீனவனின் மீனும் வீதி வழியாகவே வெளியூர் செல்ல வேண்டும். கொழும்பில் வழக்கோ வைத்தியமோ உள்ளவன் இரவு பஸ்ஸில் ஏறி விடியும்வரை குலுங்கிக்கொண்டே போக வேண்டும்.

இம்மக்களிடம் சென்று, ‘சுற்றாடலுக்கு உகந்த போக்குவரத்தைத் தெரிந்தெடுங்கள்’ என்று போதிப்போமாயின் அவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு உரிமையும் உண்டு. இலங்கையர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1 தொன் அளவான காபனீரொட்சைட்டே கணக்கிற் சேர்கின்றது. அமெரிக்கர் ஒருவருக்கு 14 தொன் அளவில். நம்மவர் காபன் நோன்பு நோற்பதற்கு நாட்காட்டி தேவையில்லை. பஸ்ஸிற் போகின்றவன் பஸ்ஸைத் தெரிந்தெடுத்தவனல்லன். அது வரும்வரை காத்து நிற்பவன். சைக்கிளில் வயலுக்குப் போகின்றவன் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவனுமல்லன். வறுமை தந்த சிக்கனத்தை ஒழுக்கமெனப் புகழ்வது வறியவனைக் கேலி செய்வதாகும்.

இதை 2022ஆம் ஆண்டு நமக்குக் கசப்பாகவே கற்பித்தது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. கட்டுரையாளனும் ஒரு நிலையத்தின் முன் இரண்டு இரவுகள் வரிசையில் நின்றவன். மீன் வியாபாரி, மௌலவி, தாதி, வங்கி உத்தியோகத்தர், கூலித் தொழிலாளி எல்லோரும் அங்கே ஒரு குடும்பம் போல நின்றோம் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவன்று. கார்களுக்கு ஒரு வரிசை, மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு வரிசை, கலன்களோடு மண்ணெண்ணெய்க்கு நின்ற மீனவருக்கு மற்றொரு வரிசை. ஜூலையில் இலத்திரனியற் பங்கீட்டு முறை வந்தபோது, வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளவு வகுக்கப்பட்டது. முச்சக்கர வண்டி ஒருவனின் அன்றாட அடுப்பு. கார் பெரும்பாலும் ஒருவரின் வசதி. ஆயினும் பங்கீடு இயந்திரத்தின் வயிற்றை அளந்ததேயன்றி அதை நம்பியிருந்த மனித வயிற்றை அளக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. இயந்திரப் படகுகள் பல கரையேறிக் கிடந்தன.

அந்த மாதங்களில் சைக்கிள் திரும்பி வந்தது. வங்கி முகாமையாளர்கூடச் சைக்கிளில் வந்தார். வீதியிற் புகையில்லை, இரைச்சலில்லை. காபன் நோன்பைப் போதித்த இலண்டன் பேராயர் அன்று கல்முனைச் சந்தியில் வந்து நின்றிருப்பாராயின், தமது கனவு நனவானதென்றே எண்ணியிருப்பார். ஆனால் அதே வீதியிலேதான் ஆசிரியர்கள் பாடசாலைக்குப் போகமுடியாது தவித்தனர். ஜூலை இறுதியில் வகுப்புகள் மீளத் தொடங்கியபோதும் வாரத்தில் 3 நாட்களே நடந்தன. எரிபொருள் மீண்டதும் சைக்கிள்கள் சுவரோரம் போயின. வற்புறுத்தலினால் வந்த நல்லொழுக்கம் வற்புறுத்தல் நீங்கியதும் போய்விட்டது. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

இந்த அனுபவத்தோடு ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலை எடுத்துப் படிப்போருக்கு, அது அமெரிக்கப் போதகரின் வினாவைவிட எவ்வளவோ உயர்ந்த தளத்தில் நிற்பது உடனே புலப்படும். அதற்கு முன்பொரு செய்தியை இவ்விடத்திற் குறிப்பிடலாம். அச்சுற்றுமடல் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னர், 2015 ஜனவரியில், பாப்பரசர் இலங்கைக்கு வந்தார். காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். மடுவுக்கு உலங்கு வானூர்தியிற் சென்றார். பதினேழாம் நூற்றாண்டில் அந்த ஜோசப் வாஸ் இந்நாட்டின் காடுகளையும் மலைகளையும் காலால் நடந்தே கடந்தவர். பின்னர், ஜனவரி 15ஆம் நாள், கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறந்த விமானத்திலே பத்திரிகையாளர் கேட்டபோதுதான், பூமி வெப்பமடைவதற்குப் பெரும்பங்கு மனிதனே காரணமென்றும் அதுபற்றிய தமது மடல் தயாராகின்றதென்றும் அவர் கூறினார். விமானத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதா என்று கேட்பது மலிவான வாதம். உலகத் திருச்சபையொன்றின் தலைவர் நடந்து மணிலாவுக்குப் போக முடியாது. ஆர்ஜென்ரீனாவிற் பேராயராயிருந்த காலத்தில் பஸ்ஸிலும் சுரங்கப் புகையிரதத்திலும் மக்களோடு சென்றவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அந்தக் காட்சி நமக்கொன்றை உணர்த்துகின்றது: தனிமனிதன் எத்துணை எளியவனாயினும் அவன் எதில் ஏற வேண்டுமென்பதை அவனைச் சூழ்ந்த அமைப்பே பெரிதும் தீர்மானிக்கின்றது.

சுற்றுமடல் 246 பந்திகளைக் கொண்டது. போக்குவரத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது 153ஆம் பந்தி. நகரங்களில் ஓரிருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் எண்ணற்ற கார்கள் நெரிசலையும் மாசையும் விளைவிப்பதையும், அவற்றுக்காக மேலும் மேலும் வீதிகளும் தரிப்பிடங்களும் கட்டப்பட்டு நகரம் பாழாவதையும் அது எடுத்துக் காட்டுகின்றது. பொதுப் போக்குவரத்துக்கே முதலிடம் வேண்டும் என்கின்றது. அதோடு நின்றுவிடாமல், நெரிசலும் அசௌகரியமும் தாமதமும் பாதுகாப்பின்மையும் நிறைந்த இன்றைய பொதுப் போக்குவரத்தில் மனிதர் மரியாதைக்கேடாக நடத்தப்படுவதையும் ஒப்புக்கொள்கின்றது. இது முக்கியமானது. காலை 7 மணிக்குக் கல்முனை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன மாணவனுக்கும், அந்நெரிசலில் அவமானங்களைப் பொறுத்து நின்ற ஆசிரியைக்கும், தங்கள் வாழ்வை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற உணர்வை இவ்வரிகள் தரும். பஸ்ஸை விட்டு மோட்டார் சைக்கிளுக்குத் தாவியவனைப் பாவியென்று இம்மடல் சபிக்கவில்லை. அவன் ஏன் தாவினான் என்று கேட்கின்றது. இந்நாட்டிற் பதிவான வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே என்பதன் விளக்கமும் அக்கேள்வியிலேதான் இருக்கின்றது.

ஆனால் 211ஆம் பந்திக்கு வரும்போது மடலின் குரல் மாறுகின்றது. அங்கே பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல், ஒரே காரிற் பலர் சேர்ந்து செல்லுதல், தேவையற்ற விளக்கை அணைத்தல், மரம் நடுதல் ஆகியன அன்றாட நற்செயல்களாக வரிசைப்படுத்தப்படுகின்றன. 153இல் அரசாங்கமும் நகரமும் செய்யவேண்டிய கடமையாயிருந்த பஸ், 211இல் விசுவாசியின் நற்பழக்கமாகச் சுருங்கிவிடுகின்றது. பின்னர் 219இல், தனிமனிதர் தம்மைத் திருத்திக்கொள்வது மட்டும் போதாது, சமுதாயப் பிரச்சினைகளுக்குச் சமுதாயக் கூட்டுறவே விடை என்று மடல் தன்னைத் தானே திருத்திக்கொள்கின்றது. இந்த ஊசலாட்டத்தை எழுத்தாளரின் அசட்டையென்று நாம் கருதவில்லை. பாவத்தைத் தனிமனித ஆன்மாவில் தேடப் பழகிய ஒரு நீண்ட மரபும், அதனை அமைப்பிலே காணத் துணிந்த இலத்தீன் அமெரிக்க அனுபவமும் ஒரே நூலுக்குள் மோதிக்கொள்வதன் அடையாளமே அது. 2023இல் வெளியான தொடர்மடலில் அக்குரல் இன்னும் தெளிவடைகின்றது: அமெரிக்கரின் தலைக்குரிய வெளியீடு மிக வறிய நாடுகளின் சராசரியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கணக்கே சொல்லப்படுகின்றது. இருந்தும், பஸ் யாருக்குச் சொந்தமாயிருக்க வேண்டும், எந்த வீதியில் ஓட வேண்டுமென்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியின் வாசலிலே வந்து இரு மடல்களும் நின்றுவிடுகின்றன.

அந்தக் கேள்வியை இந்நாடு ஒருமுறை கேட்டதுண்டு. 1958 ஜனவரி 1ஆம் நாள் தனியார் பஸ் கொம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபந் தரும் வீதிகளில் முண்டியடித்து ஓடி, இலாபந் தராத கிராமத்தை மறந்துவிடும் கொம்பனி வழக்கத்துக்கு எதிராகவே அது கொண்டுவரப்பட்டது. அதன் பெயராற் சுற்றாடல் என்ற சொல்லை அன்று எவரும் உச்சரிக்கவில்லை. ஆயினும் பிந்திய எந்தத் தவக்கால நோன்பையும்விட அதிகமான கார்ப் பயணங்களை அது தேவையற்றதாக்கியிருக்கும். 1970களின் இறுதியில் அக்கொள்கை தலைகீழானது. சபை துண்டாடப்பட்டது, தனியாருக்கு வழி திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, நாடு முழுவதும் புதிய காரின் விலையைப் பற்றியே பேசியது. பஸ்ஸைப் பற்றிப் பேசியோர் சிலர்.

இவ்விடத்தில் நமது இடதுசாரி நண்பர்கள் மகிழ்ந்து, ‘பார்த்தீர்களா, எல்லாம் அமைப்பின் குற்றம், தனிமனித ஒழுக்கமென்பது குட்டி முதலாளித்துவ மயக்கம்’ என்று கூறக்கூடும். இவ்வாதமும் முழுமையானதன்று. தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருக்கும் விரிவுரையாளர் அமைப்பைப் பற்றிப் பேசும்போது கேட்பவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கின்றது. 2020இல் வெளியான ஆய்வொன்று, வர்த்தக விமானப் பயணத்தால் வரும் காபனிற் பாதியளவுக்கு உலக மக்களில் 1 சதவீதத்தினரே பொறுப்பென்று கணக்கிட்டது. அந்த 1 சதவீதத்தினருக்கு ஒழுக்கம் போதிப்பது வீணன்று. தெரிவு உள்ளவனிடத்தே மனச்சாட்சியைப் பற்றிப் பேசுவது முறை. தெரிவற்றவனிடம் அதே மொழியிற் பேசுவதே குற்றம்.

வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் உவெஸ்லி 1774இல் அடிமை முறைக்கெதிராக ஒரு சிறுநூல் எழுதினார். 1791 முதல் இங்கிலாந்தில் ஆயிரமாயிரம் குடும்பங்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியை உண்ணாமல் விட்டன. மெதடிஸ்தரும் குவேக்கரும் அதிற் பலர். சீனியை விட்டதனாலேயே அடிமை முறை ஒழிந்துவிடவில்லை. அதே ஆண்டிற் சென் டொமிங்கோத் தீவின் அடிமைகள் ஆயுதமேந்திக் கிளம்பினர், அதுவே முதலாளிகளின் நெஞ்சை நடுக்கியது. ஆனால் தேநீர்க் கோப்பையைக் கசப்பாகக் குடித்த அந்த மனிதர்கள் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பங்களும் எழுதினர். ஒறுத்தல் அங்கே கோரிக்கையோடு கைகோத்து நின்றது.

போக்குவரத்திலே அதற்கு இன்னும் அருகான உதாரணமுண்டு. 1955 டிசம்பரில், அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரிலே, பஸ்ஸில் வெள்ளையனுக்கு இடம்விட மறுத்த றோசா பாக்ஸ் கைது செய்யப்பட்டார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தனர். வீட்டு வேலைக்காரிகள் மைல் கணக்காக நடந்தனர். முந்நூறளவு கார்கள் முறைவைத்து ஆட்களை ஏற்றின. தேவாலயங்கள் தமது பெயரிற் பெரிய வண்டிகளைப் பதிவு செய்து ஓட்டின. உள்ளூரிற் காப்புறுதி மறுக்கப்பட்டபோது இலண்டனில் அதைப் பெற்றனர். கிறிஸ்தவ விசுவாசம் ஒரு போக்குவரத்துத் தெரிவாக உருவெடுத்த மிகப் பெரிய நிகழ்ச்சியென்று இதனையே நாம் கொள்வோம். அங்கே நடந்தவர்கள் நடையின் நன்மைக்காக நடக்கவில்லை. மானத்தோடு பஸ்ஸில் ஏறும் உரிமைக்காகவே நடந்தார்கள். காபன் நோன்பு நூல்கள் பலவற்றில் இந்நிகழ்ச்சி ஒரு மூலையிலாவது இடம்பெறாதது வியப்பாயிருக்கின்றது.

அப்போராட்டத்தின் தலைவராயிருந்த மாட்டின் லூதர் கிங் போதகர், 1967இல் நியூயோர்க்கிற் செய்த பிரசங்கமொன்றில் நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொண்டார். எரிகோவுக்குப் போகும் வீதியிற் கள்ளரால் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கித் தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்க்கின்றான். அது தொடக்கம் மாத்திரமே என்றார் கிங். வழிச்செல்வோர் மேலும் மேலும் அடிபடாதிருக்க அந்த எரிகோ வீதியே மாற்றியமைக்கப்பட வேண்டுமென்பது அவர் கருத்து. கதையை மீண்டும் வாசித்தால் வேறொன்றும் தெரியும். சமாரியனிடம் கழுதை இருந்தது. வழியிற் சத்திரமும் இருந்தது. இரண்டும் இல்லாவிடின் அவனது இரக்கத்தால் என்ன செய்திருக்க முடியும்?

நமது கரையோரத்துக்கும் ஓர் எரிகோ வீதி உண்டு. காரைதீவிலிருந்து வயல்களின் நடுவே மாவடிப்பள்ளியூடாகச் சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் போகும் வீதி அது. மாரியில் வெள்ளம் அதன் மேலாகப் பாய்வது ஊரறிந்த விஷயம். 2024 நவம்பர் 26ஆம் நாள், பெருமழையும் வெள்ளமுமாயிருந்த வேளையில், நிந்தவூரில் ஓர் அரபுக் கல்லூரியிற் பயின்ற மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். பஸ் ஓட முடியாத நீர். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினார்கள். மாவடிப்பள்ளியில் வெள்ளம் அவ்வண்டியைப் புரட்டி இழுத்துச் சென்றது. சிலர் மீட்கப்பட்டனர். மாணவர் பலர் மாண்டனர். உடல்களைத் தேடி எடுக்க நாட்கள் சென்றன. குர்ஆனை மனனஞ் செய்யப் போன சிறுவர்களின் ஜனாஸாக்களைச் சம்மாந்துறை சுமந்தது.

அந்த ஒரு மழையைப் புவி வெப்பமே பெய்வித்தது என்று கூறுதல் அறிவியல் முறையாகாது. வடகீழ்ப் பருவமழையும் தாழமுக்கமும் நமக்குப் பழையவை. ஆனால் காற்றின் வெப்பம் 1 பாகை ஏறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுமென்பது பௌதிகம். பழைய மழை புதிய பாரத்தோடு வருகின்றது. பழைய வீதி அதே உயரத்திற் கிடக்கின்றது. அச்சிறுவர்களிடம் எந்த வாகனம் சுற்றாடலுக்கு உகந்தது என்ற தெரிவு இருக்கவில்லை. எந்த வாகனம் உயிருக்கு உகந்தது என்ற தெரிவுகூட இருக்கவில்லை. அவர்கள் தம் வாழ்நாளிலே எரித்த பெற்றோல், மன்னாருக்கும் மணிலாவுக்கும் பறக்கும் பெரியோர் ஒரு மணித்தியாலத்தில் எரிப்பதற்கு ஈடாகாது.

வீதிக்குச் செலவிட நம்மிடம் பணமில்லை என்பார்கள். இதே கரையில், மாவடிப்பள்ளியிலிருந்து தொலைவல்லாத ஒலுவிலில், டென்மார்க்கின் கடனுதவியோடு துறைமுகமொன்று கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கடல்வழிப் போக்குவரத்து வீதிப் போக்குவரத்தைவிடச் சிக்கனமானது, கருத்தளவிற் சரியே. நடந்தது என்ன? அலைத்தடுப்புச் சுவர்கள் கரையோர மணலின் ஓட்டத்தை மறித்தன. துறைமுக வாயில் மணலால் மூடிற்று; வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது; தென்னைகளும் மீனவரின் தோணி வைக்கும் இடங்களும் போயின. வர்த்தகக் கப்பல்களின் துறைமுகமாக அது இயங்கவேயில்லை. சைக்கிளிலே வேலைக்குப் போகும் குடிமக்களுக்குப் பேர்போன நாடு டென்மார்க். தன் ஊரிற் சைக்கிள் மிதிப்பவனின் மனச்சாட்சி, தன் அரசாங்கம் பிறருடைய கரையிற் செய்வதை எட்டாவிடின், அந்த மனச்சாட்சிக்கு எல்லைச் சாவடி ஒன்று இருக்கின்றதென்றே சொல்ல வேண்டும்.

சுற்றுமடல் வெளியான அதே 2015இல், ஓகஸ்டு மாதத்தில், இஸ்தான்புல்லிற் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலை பற்றிய பிரகடனமொன்றை வெளியிட்டனர். மொழியழகில் அது பாப்பரசரின் மடலுக்கு ஈடாகாது. ஆராய்ச்சி விரிவும் குறைவு. ஆனால் ஒரு விடயத்தில் அது நேரடியானது. எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடுகளையும் செல்வந்த நாடுகளையும் பெயரிட்டு விளித்து, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புகை வெளியீட்டை ஒழிக்குமாறு கேட்கின்றது. எண்ணெய்க் கிணறுகளின் சொந்தக்காரர் பலர் தம் சமயத்தவரே என்பதை அவ்வறிஞர் மறைக்கவில்லை. கல்முனைப் பள்ளிவாசல்களில் வெள்ளிதோறும் கூடும் மக்களிற் பலர் நடந்தே வருகின்றனர். பள்ளியை நோக்கி வைக்கும் அடி ஒவ்வொன்றுக்கும் நன்மையுண்டென்பது அவர்கள் மரபு. அவர்களுக்கு நடையின் மகிமையை எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. பிரகடனத்தின் அந்தப் பகுதி அங்கே வாசிக்கப்படலாம். கல்முனை மெதடிஸ்த ஆலயத்திலும் கத்தோலிக்க ஆலயத்திலும் சுற்றுமடலின் 153ஆம் பந்தி வாசிக்கப்படலாம். இரண்டையும் கேட்டோர் ஒரே பஸ் தரிப்பிடத்திலேதான் வந்து நிற்கப் போகின்றார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு இன்னொரு வார்த்தை. சுற்றாடற் கல்வியின் பெயரால் நமது பாடசாலைகளில் ‘துவிச்சக்கர வண்டியின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதுவிக்கின்றோம். மாணவனும் எழுதிவிட்டு, தந்தையின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகின்றான்; ஏனெனில் லொறிகளும் இரவு பஸ்களும் விரையும் பிரதான வீதியிலே அவனது சைக்கிளுக்கு ஓரடி இடமில்லை. அதற்குப் பதிலாக, தன் ஊரில் மாரிகாலத்தில் மூழ்கும் வீதிகள் எவை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது நின்றுபோன ஆண்டு எது என்று விசாரித்து எழுதச் சொல்லலாம். சுற்றுமடலிலே 153க்கு அடுத்த பந்தியையும் அவ்வகுப்பிற் படிக்கலாம். நகரத்து நெரிசலைப் பேசி முடித்த மடல், அடிப்படை வசதிகள் எட்டாத கிராமத்தவர் கைவிடப்பட்டிருப்பதையும் மறந்துவிடலாகாதென்று அங்கே கூறுகின்றது. நகரத்துக் கார்களுக்குக் கிடைத்த இடத்திற் பாதியும் அதற்குக் கிடைக்கவில்லை. ஓரிரு வாக்கியங்களோடு பந்தி முடிந்து அதிகாரம் வேறு பொருளுக்குப் போய்விடுகின்றது. மாவடிப்பள்ளி அந்த வாக்கியங்களுக்குள்ளேதான் இருக்கின்றது.